ராத்திரி டேட்டா வீணாகாமல் இருக்க: டிஷ் இன்டர்நெட் வீடுகளுக்கு 22 குறிப்புகள்

கேபிள் வராத, செல்போன் டவர் எட்டாத இடத்தில் குடியிருப்பவர்களுக்குக் கூரைமேல் ஒரு டிஷ்தான் இன்டர்நெட். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுச் சிற்றூர்களுக்கு வேலைக்குப் போனவர்கள், அமெரிக்கக் கிராமப்புறத்தில் வீடு வாங்கியவர்கள், 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் வந்தபிறகு இலங்கையில் இணைப்பு எடுத்தவர்கள் என்று நம்மவர்களிலும் இதை நம்பியிருப்பவர்கள் உண்டு. அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு புகார்கள் கட்டாயம் வரும். சாயங்காலம் ஆனால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்பது ஒன்று. மாதம் முடிவதற்குள் டேட்டா தீர்ந்துவிடுகிறது என்பது இன்னொன்று.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். செயற்கைக்கோளை ஏவிய பிறகு அதன் கொள்ளளவைக் கூட்ட வழியில்லை. ஆஸ்திரேலிய அரசு நிறுவனமான என்.பி.என். 2015லும் 2016லும் ஏவிய இரண்டு ஸ்கை மஸ்டர் செயற்கைக்கோள்கள் 101 கற்றைகளாக அந்த நாட்டைப் பிரித்துக்கொள்கின்றன. ஒரு கற்றைக்குள் வரும் அத்தனை வீடுகளும் ஒரே அலைவரிசையைப் பங்குபோட வேண்டும். ராத்திரி 8 மணிக்கு எல்லா வீட்டிலும் படம் ஓடும். 3 மணிக்கு அதே கற்றை காலியாகக் கிடக்கும். காலியாகக் கிடப்பதை யாராவது பயன்படுத்தினால் கம்பெனிக்கு நஷ்டமில்லை, சாயங்கால நெரிசலும் குறையும். 'ஆஃப்-பீக் அன்லிமிடெட்' என்ற சலுகை பிறந்தது அப்படித்தான். ஏரிப்பாசனத்தில் முறைவைத்துத் தண்ணீர் விடுகிற கணக்கு இது. அங்கே ராமுறை விழுந்தவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போக வேண்டும். இங்கே நாம் தூங்கலாம், கம்ப்யூட்டர் விழித்திருந்தால் போதும்.

1. உங்கள் கம்பெனியின் 'ராத்திரி' எது என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் அது வேறு. அமெரிக்காவில் ஹியூஸ்நெட் பல ஆண்டுகளாகத் தந்த 'போனஸ் ஸோன்' அதிகாலை 2 முதல் காலை 8 மணி வரை. அதுவும் வரம்பற்றது கிடையாது. மாதம் 50 ஜிபி. வயாசாட் தன் எக்ஸீட் பிளான்கள் சிலவற்றில் நள்ளிரவு 12 முதல் 5 வரை ஓடுவதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது. ஸ்கை மஸ்டரின் முதல் பிளான்களில் ராத்திரி 1 முதல் காலை 7 வரை தனி அளவு. பின்னால் வந்த ஸ்கை மஸ்டர் பிளஸ்ஸில் நிலைமை தலைகீழ்: நள்ளிரவு 12 முதல் மாலை 4 வரை ஓடுவது எதுவும் கணக்கில் வராது, மாலை 4 முதல் நள்ளிரவு வரை வீடியோவும் வி.பி.என்.னும்தான் கணக்கு. பிளான்கள் அடிக்கடி மாறும். போன வருஷம் நண்பர் சொன்ன நேரத்தை நம்பாமல், உங்கள் கணக்குப் பக்கத்தில் போட்டிருப்பதைப் பாருங்கள்.

2. எந்தக் கடிகாரம் என்றும் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் அக்டோபரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும், குவீன்ஸ்லாந்து தள்ளாது. கம்பெனி பார்ப்பது உங்கள் ஊர் நேரமா, தலைமையகத்தின் நேரமா என்று தெரியாவிட்டால் கோடைகாலம் முழுக்க தினமும் ஒரு மணி நேரம் தப்பான பக்கத்தில் விழும்.

3. 'அன்லிமிடெட்' என்ற சொல்லுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதுதான் நியாயப் பயன்பாட்டு விதி. அளவைத் தாண்டினால் இணைப்பு துண்டிக்கப்படாது, வேகம் மட்டும் விழும். நம் ஊர் செல்போன் பிளான்களில் தினசரி அளவு முடிந்ததும் 64 கேபிபிஎஸ் ஆகிறதே, அதே கதை. ஹியூஸ்நெட்டில் 1 முதல் 3 எம்பிபிஎஸ் வரை இறங்கும். இந்த விதியில் மூன்று விஷயங்களைத் தேடிப் படியுங்கள்: எத்தனை ஜிபி, தாண்டினால் என்ன வேகம், கணக்கு மாதம் முதல் தேதியில் தொடங்குகிறதா அல்லது கடைசி நான்கு வாரத்தைச் சேர்த்துப் பார்க்கிறார்களா. கடைசி நான்கு வாரக் கணக்கு என்றால் "நாளைக்கு ஒண்ணாந்தேதி, இன்னைக்கு எல்லாத்தையும் இறக்கிடலாம்" என்ற தந்திரம் பலிக்காது.

இன்னொன்று: விதிகளையே திடீரென்று மாற்றவும் செய்வார்கள். 2022 நவம்பரில் ஸ்டார்லிங்க், காலை 7 முதல் இரவு 11 வரை மாதம் 1 டிபிக்கு மேல் போனால் அந்த வீடு வரிசையில் பின்னால் தள்ளப்படும், இரவு 11 முதல் காலை 7 வரை ஓடுவது கணக்கில் வராது என்று அறிவித்தது. அடுத்த ஆண்டே வீட்டு இணைப்புகளுக்கு அந்த வரம்பைக் கைவிட்டது. கம்பெனியிலிருந்து வரும் ஈமெயிலைப் படிக்காமல் அழிக்க வேண்டாம்.

4. வீட்டில் டேட்டாவை அதிகம் சாப்பிடுவது யார் என்று கண்டுபிடியுங்கள். ரௌட்டரின் ஆப்பில் சாதனவாரியாகக் கணக்கு இருக்கும். ஒரு வாரம் பாருங்கள். பிள்ளையின் போன் என்று சந்தேகப்படுவோம். கடைசியில் ஹாலில் இருக்கும் டிவியாக இருக்கும். நெட்ஃபிளிக்ஸ் தானே சொல்லும் கணக்கு இது: குறைந்த தரத்தில் மணிக்கு 0.3 ஜிபி, நடுத்தரத்தில் 0.7, எச்.டி.யில் 3 வரை, 4கே என்றால் 7 வரை. தினமும் இரண்டு மணி நேரம் எச்.டி. பார்க்கும் வீட்டுக்கு மாதம் 180 ஜிபி வேண்டும். 100 ஜிபி பிளான் வைத்திருந்தால் 17ஆம் நாள் காலி. அதே படங்களை நடுத்தரத்தில் பார்த்தால் 42 ஜிபியில் மாதம் ஓடிவிடும். 32 இன்ச் டிவியில் பத்தடி தள்ளி உட்கார்ந்து சீரியல் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

5. ஆகவே டிவியில் தரத்தைக் குறைத்து வையுங்கள். நெட்ஃபிளிக்ஸில் இதை டிவியில் தேடினால் கிடைக்காது. பிரௌசரில் கணக்கைத் திறந்து, ஒவ்வொரு புரொஃபைலுக்கும் 'பிளேபேக் செட்டிங்ஸ்' போய் 'மீடியம்' என்று வைக்க வேண்டும். யூடியூப் மொபைல் ஆப்பில் 'வீடியோ குவாலிட்டி' பகுதியில் மொபைல் டேட்டாவுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். வைஃபைக்கும் சேர்த்து 'டேட்டா சேவர்' வையுங்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிற 'ஆட்டோபிளே'யை அணைத்துவிடுங்கள். தாத்தா தூங்கிப்போன பிறகும் பட்டிமன்றம் நாலு மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும்.

6. இந்தப் பட்டியலிலேயே முக்கியமான குறிப்பு இதுதான். போனும் கம்ப்யூட்டரும் 'வைஃபை என்றால் இலவசம்' என்று நினைத்துச் செய்யப்பட்டவை. வைஃபை கிடைத்ததும் ஆப் அப்டேட், போட்டோ பேக்கப், சிஸ்டம் அப்டேட் எல்லாம் அள்ளிக்கொண்டு ஓடும். டிஷ் வீட்டில் வைஃபைதான் விலை உயர்ந்தது. இதைச் சாதனங்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் உங்கள் வைஃபை பெயரைத் தட்டி 'மீட்டர்டு' என்று மாற்றுங்கள். ஐபோனில் அதே இடத்தில் 'லோ டேட்டா மோட்'. விண்டோஸில் அந்த வைஃபையின் பண்புகளுக்குள் 'மீட்டர்டு கனெக்ஷன்'. மூன்றையும் செய்ய ஐந்து நிமிடம் ஆகாது, பகல் நேர ஒழுக்கில் பாதி அடைபடும்.

7. சரி, எல்லாவற்றையும் மீட்டர்டு ஆக்கிவிட்டால் அப்டேட் எப்போது நடக்கும்? அதற்கு ஓர் உபாயம்: இரண்டு வைஃபை பெயர்கள். பல ரௌட்டர்களில் விருந்தினர் வைஃபை தனியாக உண்டு. சிலவற்றில் ஒவ்வொரு பெயரையும் எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை இயக்குவது என்று குறிக்கலாம். வழக்கமான வைஃபைக்கு 'பகல்' என்று பெயர் வைத்து எல்லாச் சாதனங்களிலும் மீட்டர்டு ஆக்குங்கள். இலவச நேரம் தொடங்கும்போது அது அணைந்து, 'இரவு' என்ற இரண்டாவது வைஃபை எழும்பும்படி நேரம் குறியுங்கள். சார்ஜில் கிடக்கும் போன்கள் 'பகல்' காணாமல் 'இரவு'க்குத் தாவும். அது சாதாரண வைஃபை என்பதால் தேங்கியிருந்த அப்டேட்டும் பேக்கப்பும் தானாக நடந்து முடியும். காலையில் எல்லாம் பழையபடி. ஒரே ஒரு கவனம்: ராத்திரியில் அவசர அழைப்பு வைஃபை வழியாகத்தான் வரும் என்றால், வீட்டில் ஒரு போனிலாவது 'இரவு' பாஸ்வேர்டு சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று முதல் நாளே விழித்திருந்து பார்த்துவிடுங்கள்.

8. விண்டோஸ் கம்ப்யூட்டர் இரண்டு மூன்று இருந்தால் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்ற இடத்துக்குப் போய், வீட்டுக்குள்ளிருக்கும் மற்ற கம்ப்யூட்டர்களிலிருந்து அப்டேட் எடுக்க அனுமதியுங்கள். ஒன்று இறக்கியதை மற்றவை வாங்கிக்கொள்ளும். ஆனால் இன்டர்நெட்டில் உள்ள கம்ப்யூட்டர்களோடு பகிர்வதை மட்டும் மூடிவிடுங்கள். முன்பின் தெரியாதவர் வீட்டு அப்டேட்டுக்கு நம் டிஷ் ஏன் உழைக்க வேண்டும்?

9. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள். இது ஆப்பைவிட நன்றாக வேலை செய்கிறது. குவீன்ஸ்லாந்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், மாரியம்மன் காலண்டரிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கம் காந்தத்தில் ஒட்டியிருக்கும். அதில் பிள்ளைகள் கிறுக்கியிருப்பார்கள்: "கேம் அப்டேட் – 60 ஜிபி", "அம்மாவுக்கு அந்தப் பழைய சிவாஜி படம்", "ஸ்கூல் வீடியோ 3". படுக்கப் போகுமுன் அப்பா மேலிருந்து வரிசையாக டவுன்லோடில் போட்டுவிட்டு ஒவ்வொன்றாக டிக் அடிப்பார். பள்ளிக்கூட வேலை எப்போதும் முதலில், கேம் கடைசியில். ராத்திரியில் முடியாமல் நின்றது மறுநாள் தாளில் தலைப்பில் ஏறும். சண்டை வருவதில்லை என்று சொல்ல மாட்டேன், குறைந்திருக்கிறது.

10. ஒரு ராத்திரிக்கு எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட்டுவிட்டுப் பட்டியல் எழுதுங்கள். 25 எம்பிபிஎஸ் இணைப்பு ஆறு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 67.5 ஜிபி. அது காகிதக் கணக்கு. பாதியை நம்புங்கள்; மீதி வந்தால் லாபம். இன்றைய பெரிய கேம்கள் 100 ஜிபியைத் தாண்டுகின்றன, அவற்றுக்கு இரண்டு மூன்று ராத்திரிகள் வேண்டும்.

11. ஸ்டீமில் 'டவுன்லோட்ஸ்' பகுதிக்குள் ஆட்டோ அப்டேட்டுக்கு நேரம் குறிக்க வசதி இருக்கிறது. அண்ணன் தம்பி இருவரிடமும் ஒரே கேம் இருந்தால் ஒருவர் இறக்கியதை மற்றவர் வீட்டு நெட்வொர்க்கிலேயே நகல் எடுக்கவும் 2023லிருந்து வழி உண்டு. கேம் கன்சோல்கள் நினைத்த நேரத்துக்கு அப்டேட் இறக்கப் பார்க்கும். அவற்றை ரௌட்டரில் பகலில் தடுத்துவைப்பதே சுலபம்.

12. பெரிய ஃபைல்களை பிரௌசரில் இறக்காதீர்கள். 90 சதவீதத்தில் அறுந்தால் பல சமயம் மறுபடி முதலிலிருந்துதான். 'ஃப்ரீ டவுன்லோடு மேனேஜர்', 'இன்டர்நெட் டவுன்லோடு மேனேஜர்' போன்றவற்றில் தொடங்கும் நேரம், நிறுத்தும் நேரம் இரண்டையும் குறிக்கலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இலவச நேரம் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து ஆரம்பித்து, முடியப் பத்து நிமிடம் முன்பே நிறுத்துங்கள். உங்கள் கடிகாரமும் கம்பெனிக் கடிகாரமும் ஒன்றாக ஓடும் என்று உத்தரவாதம் கிடையாது. பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டில் ராத்திரி 2 முதல் காலை 8 வரை அன்லிமிடெட் கிடைத்த காலத்தில் கல்லூரிப் பையன்கள் 2 மணி தாண்டியதும் மோடத்தை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டுத்தான் டவுன்லோடைத் தட்டுவார்கள். அந்த அனுபவ ஞானம் டிஷ்ஷுக்கும் பொருந்தும்.

13. கம்ப்யூட்டர் தூங்கிவிட்டால் எல்லாத் திட்டமும் பாழ். பவர் செட்டிங்கில் 'ஸ்லீப்' நேரத்தை மாற்றுங்கள், திரை மட்டும் அணையட்டும். லேப்டாப்பின் மூடியை மூடினாலும் தூங்காதபடி வைக்கலாம், ஆனால் மெத்தைமேல் வைக்காதீர்கள், சூடாகும். ஸ்டார்லிங்க் வீடுகளில் இன்னொரு பொறி: மின்சாரம் மிச்சப்படுத்த அந்த ஆப்பில் டிஷ்ஷுக்கே தூக்க நேரம் குறிக்கும் வசதி உண்டு. சோலார் பேட்டரியில் ஓடும் வீடுகளில் அதைப் போட்டிருப்பார்கள். ஒரு பக்கம் டவுன்லோடுக்கு நேரம் குறித்துவிட்டு மறுபக்கம் டிஷ்ஷைத் தூங்க வைத்தால் காலையில் ஒன்றும் இருக்காது. பேட்டரி தாங்கும் ராத்திரிகளை மட்டும் வாரத்தில் இரண்டோ மூன்றோ ஒதுக்குங்கள்.

14. பாட்டும் படமும் முன்னாலேயே இறக்கிவைத்துக்கொள்ளும் பழக்கம் வர வேண்டும். 2016இல் யூடியூப் இந்தியாவில் 'ஸ்மார்ட் ஆஃப்லைன்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பிடித்த வீடியோவைக் குறித்துவிட்டால் டேட்டா மலிவாகக் கிடைக்கும் ராத்திரியில் போன் தானாக இறக்கிவைக்கும். யோசனை நல்ல யோசனை. இப்போது அதை நாமே செய்யலாம்: ஓ.டி.டி. ஆப்களில் 'டவுன்லோடு' பொத்தான் இருக்கிறது, போனிலோ டேப்லெட்டிலோ ராத்திரி இறக்கி, சாயங்காலம் கேபிளில் டிவியோடு இணைத்துப் பாருங்கள். சில ஆப்கள் டிவியில் காட்ட விடாது; பெரிய படங்களை இறக்குமுன் ஒரு சின்ன வீடியோவில் சோதித்துவிடுங்கள்.

15. கேமராக்கள். கதவு, மாட்டுக்கொட்டில், கார் நிறுத்துமிடம் என்று மூன்று மாட்டுவோம். அவை இரவு பகலாக கிளவுடுக்குப் படம் அனுப்பும். ஒரே கேமரா 2 எம்பிபிஎஸ்ஸில் ஓயாமல் அனுப்பினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. மெமரி கார்டிலோ வீட்டிலிருக்கும் ரெக்கார்டரிலோ பதியும்படி மாற்றி, அசைவு தெரிந்தால் மட்டும் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். டேட்டா எங்கே போகிறது என்று புரியாமல் தவிக்கும் வீடுகளில் நான் முதலில் கேட்பது கேமரா இருக்கிறதா என்பதைத்தான்.

16. வாட்ஸ்அப் குடும்ப குரூப்பின் காலை வணக்கங்களை எல்லாப் போன்களும் தனித்தனியாக இறக்குகின்றன. 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா'வில் வைஃபைக்கான ஆட்டோ டவுன்லோடில் வீடியோவை எடுத்துவிடுங்கள். சாட் பேக்கப்பில் வீடியோவைச் சேர்க்காதீர்கள்.

17. வேகத்தைச் சோதிக்கும் தளங்களை அடிக்கடி தட்டாதீர்கள். 25 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு சோதனைக்கே 40, 50 எம்பி போய்விடும். கோபத்தில் பத்து தடவை தட்டினால் அரை ஜிபி.

18. இனி வீட்டுக்குள் பங்கு. ஏழு மணிக்கு ஒரு வீட்டில் நடப்பது இது.

"அண்ணா, மேத்ஸ் க்ளாஸ்ல சார் பேசறது விட்டு விட்டுக் கேக்குது. நீ என்ன பண்ற?"

"நான் ஒண்ணும் டவுன்லோடு பண்ணலயே. கல்யாண போட்டோதான் அத்தைக்கு அனுப்பிட்டிருக்கேன்."

அண்ணன் சொல்வது உண்மை. அவன் இறக்கவில்லை, ஏற்றுகிறான். டிஷ் இணைப்பில் மேலே போகும் வழி கீழே வரும் வழியைவிட மிகக் குறுகல். 400 போட்டோ வரிசையில் நின்றால் தங்கையின் குரலும் அந்த வரிசைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ஆகவே முதல் விதி: பெரிய அப்லோடு எதுவும் ராத்திரிக்கு. இரண்டாவது, ரௌட்டரில் 'க்யூ.ஓ.எஸ்.' என்ற பகுதி இருந்தால் வகுப்புக்கும் வேலைக்கும் பயன்படும் சாதனங்களை முதலிடத்தில் வையுங்கள். கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிந்தவர் வீட்டில் இருந்தால், ஓபன்-டபிள்யூ.ஆர்.டி. போடக்கூடிய ரௌட்டர் வாங்கி அதில் 'எஸ்.க்யூ.எம்.' வசதியை 'கேக்' முறையில் இயக்கச் சொல்லுங்கள். யார் எத்தனை டவுன்லோடு போட்டாலும் ஒவ்வொரு சாதனத்துக்கும் சமபங்கு கிடைக்கும்படி அது வரிசையைப் பிரித்துவிடும். வேகத்தை உங்கள் இணைப்பின் சாயங்கால வேகத்தில் 85 சதவீதம் அளவுக்குக் குறிக்க வேண்டும். விளம்பரத்தில் போட்ட வேகத்தைக் குறித்தால் பலன் இருக்காது.

வகுப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் தொலைதூரப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஸ்கை மஸ்டரில் கல்விக்கென்றே தனி இணைப்பு, தனி டேட்டா தருகிறார்கள். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் பள்ளியில் விசாரியுங்கள். மற்றவர்கள் குறைந்தபட்சம் ஜூமில் எச்.டி. வீடியோவை அணைத்துவிடுங்கள். ஆசிரியர் முகம் சிறியதாகத் தெரிந்தால் பாடம் குறையாது.

19. இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே டிஷ்ஷைப் பகிர்வதாக இருந்தால், முதலில் ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். வீட்டு இணைப்பை விற்பதைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. அனுமதி இருந்தால் பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து ஒதுங்கிவிடாதீர்கள். மைக்ரோடிக் மாதிரியான ரௌட்டர்களில் ஆளுக்கொரு பயனர் பெயர், ஆளுக்கு இத்தனை ஜிபி, இத்தனை வேகம் என்று பிரிக்கலாம். என் தீர்ப்பு இது: பகல் டேட்டாவைக் கொடுத்த பணத்தின் விகிதத்தில் பிரியுங்கள், ராத்திரி டேட்டாவைப் பிரிக்காதீர்கள், அளவு போடாமல் எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். காலியாகக் கிடக்கும் நேரத்துக்கும் பங்குச்சீட்டு போட்டால் அது பங்காளிச் சண்டையில்தான் முடியும். மாதம் ஒருமுறை எல்லோர் கணக்கையும் எல்லோரும் பார்க்கும்படி அனுப்புங்கள். யாரையும் குறைசொல்ல வேண்டியிருக்காது, அவரவரே குறைத்துக்கொள்வார்கள்.

20. ஊருக்கு வீடியோ கால் பேச நேரம் பாருங்கள். சிட்னி பக்கம் கோடைக்கால நேரமாற்றம் இல்லாத மாதங்களில் மதியம் 12 மணி என்றால் ஊரில் காலை 7.30. அம்மா காபி குடித்துக்கொண்டிருப்பார், உங்கள் கற்றையில் நெரிசலும் இருக்காது. 'மாலை 4 வரை கணக்கில்லை' என்ற பிளான் என்றால் செலவும் இல்லை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடையில் காலை 7 மணி என்பது இந்தியாவிலும் இலங்கையிலும் மாலை 4.30. 2 முதல் 8 வரை போனஸ் நேரம் வைத்திருப்பவர்களுக்கு அது சரியாக உள்ளே விழுகிறது.

பேசும்போது ஒரு பொறுமை வேண்டும். ஸ்கை மஸ்டர், ஹியூஸ்நெட் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேல் 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன. குரல் அங்கே ஏறி இறங்கவே கால் நொடி ஆகும், பதில் திரும்பி வர இன்னொரு கால் நொடி. அதனால்தான் இருவரும் ஒரே நேரத்தில் "சொல்லும்மா" என்று ஆரம்பித்து, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துகிறார்கள். எதிராளி முடித்தபின் ஒன்று இரண்டு எண்ணிவிட்டுப் பேசுங்கள். இந்தத் தாமதம் ராத்திரியிலும் குறையாது. பணம் கொடுத்தாலும் குறையாது. சுமார் 550 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்கில் மட்டும் இந்தத் தொல்லை இல்லை.

21. வி.பி.என்.னைத் தேவையான நேரத்துக்கு மட்டும் போடுங்கள். உள்ளே என்ன ஓடுகிறது என்பதை அது மறைப்பதால், 'ஈமெயில் இலவசம், பிரௌசிங் இலவசம்' என்ற பிளான்களில் எல்லாமே காசுக் கணக்கில் விழும். உயரத்திலிருக்கும் செயற்கைக்கோள்களின் தாமதத்தைச் சமாளிக்கக் கம்பெனி மோடத்தில் செய்துவைத்திருக்கும் முடுக்கமும் அதற்குள் வேலை செய்யாது. ஆபீஸ் வேலை முடிந்ததும் துண்டித்துவிடுங்கள். மழைக்கும் ஒரு வார்த்தை: கனமழையில் சிக்னல் தேயும், ஸ்கை மஸ்டர் போன்ற கா-பேண்ட் இணைப்புகளில் அதிகமாகத் தேயும். இடியும் மின்னலுமாக இருக்கும் ராத்திரி டவுன்லோடை மறந்துவிட்டு மோடத்தின் ப்ளக்கைப் பிடுங்கிவையுங்கள்.

22. புதிதாக இணைப்பு எடுப்பவர்களும் பிளான் மாற்றுகிறவர்களும் விற்பனையாளரிடம் இவற்றைக் கேளுங்கள். இலவச நேரம் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த ஊர் நேரப்படி? அது வரம்பற்றதா, தனி அளவா? அப்லோடும் அதில் சேருமா? நியாயப் பயன்பாட்டு அளவு எத்தனை ஜிபி, தாண்டினால் என்ன வேகம், எத்தனை நாளுக்கு? என் பகுதியில் இரவு 8 மணிக்கு என்ன வேகம் கிடைக்கும்? கடைசிக் கேள்வியைப் பக்கத்து வீட்டுக்காரரிடமும் கேளுங்கள், அவர் பதில்தான் சரியாக இருக்கும். மற்றவற்றுக்கான பதிலை ஈமெயிலில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். 24 மாத ஒப்பந்தம் என்றால் அந்த ஈமெயில் வந்து சேரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.